மழைமலையில் மனைத்தோட்டம்

தென்னாட்டை விட்டுப் பணியின் பொருட்டு ஷில்லாங் மலைநகருக்கு வந்து சேரும் நம்மவர் இல்லங்களில் முதலாண்டு நிகழ்வது பெரும்பாலும் ஒரே கதைதான். குடியிருப்பின் முன்னால் கையகல நிலம் கண்டவுடன் உள்ளம் பூரிக்கின்றது. ஊரில் செய்து பழகியவாறே மண்ணைக் கொத்துகின்றோம், வரப்பெடுக்கின்றோம், ரோஜாவுக்கும் கத்தரிக்கும் வட்டப் பாத்தி கட்டி நடுகின்றோம். வைகாசி பிறக்கின்றது, வானம் பொத்துக் கொள்கின்றது. ஆடி வருமுன் பாத்திகள் குளங்களாகி, இலைகள் பழுத்து, வேர்கள் அழுகிவிடுகின்றன.

எங்கள் இல்லத்தில் பத்து ரோஜாக் கன்றுகளில் ஒன்பது இவ்வாறு மாண்டன. பத்தாவதைக் காத்தவர் பக்கத்து மனையில் வாழும் காஸி மூதாட்டியார். மூத்த பெண்டிரை இந்நாட்டார் மதிப்புடன் அழைக்கும் முறையில் நாமும் அவரைக் ‘கோங்’ என்றே அழைத்து வருகின்றோம். ஒரு நாள் மழை சற்று ஓய்ந்த வேளையில் அவர் வேலியைக் கடந்து வந்தார். நாம் அரும்பாடுபட்டுக் கட்டிய வரப்பைக் கையிலிருந்த குச்சியால் ஓரிடத்தில் கீறிவிட்டார். தேங்கிய நீர் சலசலவென்று ஓடிற்று. வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தக் கீறலைப் பற்றி நாம் எண்ணத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை.

நம் முன்னோர் வேளாண்மை நீரைப் பிடித்து நிறுத்தும் வேளாண்மை. ஏரி, கண்மாய், மடை, மதகு, வரப்பு ஆகிய சொற்கள் அனைத்தும் அக்கலையினின்றும் பிறந்தவை. மதுரைப் பக்கத்தில் ஓராண்டில் பெய்யும் மழை 1,000 மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்கே தென்னையின் அடியில் வட்டப் பாத்தி இல்லையெனில் தென்னை இல்லை. ஷில்லாங்கிலோ மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டுகின்றது. அதுவும் பெரும்பகுதி நான்கைந்து திங்களுக்குள் கொட்டித் தீர்க்கின்றது. மண்ணின் நுண்துளைகளில் காற்று இருக்கவேண்டிய இடத்தை நீர் பிடித்துக்கொண்டால் வேருக்கு மூச்சு முட்டுகின்றது. செடி தாகத்தால் சாவது போலவே வாடித் தோன்றும். அதைக் கண்டு இன்னும் இரண்டு குடம் நீர் ஊற்றுபவரும் நம்மில் உண்டு!

ஆகவே குளிரும் ஈரமும் மிகுந்த நாட்டில் மனைத்தோட்டம் என்பது முதலில் நீரை வழியனுப்பும் கலை. அக்கலை இக்குடியிருப்புகளுக்கு இரு வழிகளில் வந்து சேர்ந்துள்ளது. ஒன்று கடல் கடந்து வந்தது. மற்றொன்று இம்மலையிலேயே பிறந்தது. நம் முற்றத்துப் புல்தரையும் வேலிச்செடியும் கல் வடிகாலும் முதல் வழியைச் சேர்ந்தவை. எனவே அதனின்றும் தொடங்குவோம்.

இங்கிலாந்தில் கோடை கொளுத்துவதில்லை. ஆண்டு முழுவதும் சிறு தூற்றல் உண்டு. குளிர்காலமும் ஓரளவு மென்மையானதே. புல்லுக்கு இதைவிட ஏற்ற இடம் அரிது. அந்நாட்டுச் செல்வர்கள் இல்லத்தின் வாயில் வரையில் பச்சைப் புல்வெளி விரிந்து கிடப்பதைப் பெருமையாகக் கருதினர். 18-ஆம் நூற்றாண்டில் லான்ஸ்லாட் பிரவுன் (1716–1783) என்னும் புகழ்பெற்ற தோட்டக் கலைஞர் பூம்பாத்திகளை அகற்றிப் பெரும் மாளிகைகளைச் சுற்றிப் புல்வெளிகளையே அமைத்தார். அப்புல்லைக் குட்டையாக வைத்திருந்தவை ஆட்டு மந்தைகள். இல்லத்தையொட்டிய பகுதியை நீண்ட அரிவாள் பிடித்த ஆட்கள், பனி ஈரம் உலராத விடியற்காலையில் அரிந்தனர். ஆடும் ஆளும் வைத்துக்கொள்ள இயலாதவருக்குப் புல்தரை எட்டாக் கனியாகவே இருந்தது.

அதை எட்டும் கனியாக்கியவர் குளோஸ்டர்ஷயர் பகுதியைச் சேர்ந்த எட்வின் படிங் என்னும் இயந்திர வினைஞர். ஸ்ட்ரௌடு நகரைச் சுற்றிக் கம்பளி ஆலைகள் மிகுதி. நெய்த துணியின் மேல் எழும்பி நிற்கும் மயிர்களைச் சமமாகக் கத்தரிக்க அங்கே சுழலும் கத்திகள் கொண்ட பொறி ஒன்று இருந்தது. துணியின் மயிரை வெட்டும் பொறி புல்லை வெட்டாதா என்று எண்ணினார் படிங். 1830-ஆம் ஆண்டில் தம் பொறிக்கு உரிமைப்பட்டயம் பெற்றார். வார்ப்பிரும்பாலான அது கனமானது. ஒருவர் தள்ள மற்றொருவர் இழுத்ததும் உண்டு. ஆயினும் நடுத்தர வருவாயினர் வீட்டு முற்றத்திலும் புல்தரை விரிவதற்கு அது வழி திறந்தது. அத்தகையோருக்காகவே ஜான் கிளாடியஸ் லௌடன் 1838-இல் புறநகர் இல்லத் தோட்டத்தைப் பற்றிப் பெரியதொரு நூல் எழுதி வெளியிட்டார். இந்தியாவுக்கு வந்த ஆங்கில அலுவலர்கள் அத்தகைய முற்றங்களைக் கண்டு வளர்ந்தவர்கள் என்பதை மறத்தலாகாது.

புல்தரைப் பொறியைக் காட்டிலும் நம்மைக் கவர்வது புல்லின் அடியில் நடந்த வேலையாகும். இங்கிலாந்தின் பல பகுதிகள் கெட்டிக் களிமண் நிலங்கள். மழைநீர் கீழிறங்காது நிற்கும். நிலத்தடியில் சுட்ட மண்ணோடுகளைப் புதைத்து நீரை வடிக்கும் முறை அங்கே மெல்லப் பரவிற்று. ஓட்டுக்கும் செங்கல்லுக்கும் அக்காலத்தில் வரி உண்டு. வடிகால் ஓட்டுக்கு மட்டும் 1826-இல் வரிவிலக்கு அளித்தனர். ‘வடிகால்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அவ்வோட்டின் மேல் பொறிக்கவேண்டும் என்பது நிபந்தனை. ஜான் ரீட் என்னும் தோட்டக்காரர் வட்டமான களிமண் குழாய்களை 1843-இல் வேளாண் கண்காட்சியில் வைத்தார். மூன்று ஆண்டுகளில், அதாவது 1846-இல், வடிகால் அமைக்கும் நிலவுடைமையாளருக்கு அரசே கடன் வழங்கச் சட்டம் இயற்றப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத குழாய் வரிசைதான் கண்ணைக் கவரும் பசுமையைத் தாங்கி நிற்கின்றது.

இக்கலை இந்தியாவில் காலூன்றிய தொடக்க இடங்களுள் ஒன்று நம் தமிழ்நாட்டு நீலகிரியே. கோயமுத்தூர் மாவட்டத்தின் ஆட்சித்தலைவராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் அம்மலை மீது ஏறினார். அதன் குளிரில் தம் நாட்டைக் கண்டவர்போல் மகிழ்ந்து அங்கே கல்வீடு கட்டினார். உருளைக்கிழங்கு முதலிய பல பயிர்களையும் கொண்டுவந்து வைத்தார். ஊட்டியில் குடியேறிய ஐரோப்பியர் மலிவான விலையில் காய்கறி கிடைப்பதற்காகத் தமக்குள் பணம் திரட்டித் தோட்டம் ஒன்றைத் தொடங்கினர். அது தடுமாறியபோது, இங்கிலாந்தின் கியூ பூங்காவில் பயின்ற வில்லியம் கிரஹாம் மக்கைவர் 1848-இல் அழைத்து வரப்பட்டார். அவரிடம் ஒப்படைக்கப்பட்ட சரிவின் மேற்பகுதி அடர்ந்த சோலைக்காடு, கீழ்ப்பகுதி சதுப்பு. இன்று நாம் கோடை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் சென்று ஓடியாட விடுகின்ற அந்தப் பரந்த புல்தரை, நீர் வடிக்கப்பட்ட சதுப்பு நிலமே. மக்கைவர் தம் காலம் முழுவதையும் அங்கேயே கழித்து 1876-இல் மறைந்தார். திட்டம் அவருடையது, சதுப்பில் முழங்காலளவு இறங்கி மண் வெட்டிய கைகள் அவருடையவை அல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நீலகிரி நமக்குக் கற்பிப்பது இன்னொன்றும் உண்டு. வேலிக்காகவும் அழகுக்காகவும் ஐரோப்பாவினின்றும் வரவழைத்த புதர்ச் செடிகளாகிய கோர்ஸ், ஸ்காட்ச் புரூம் ஆகிய இரண்டும் மஞ்சள் பூப் பூத்து எல்லோரையும் மயக்கின. பின்னர் அவை வேலியைத் தாண்டின. தோடர்தம் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளில் ஏறிப் பரவின. உண்ணிச்செடி என்று நாம் வழங்கும் லாண்டானாவும் அழகுச் செடியாக வந்ததே. அது இந்தியக் காடுகளில் எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டுள்ளது என்பதை இரயிலில் ஊருக்குப் போகும் நம்மவர் யாவரும் அறிவர். முற்றத்தில் நடுவது முற்றத்தோடு நிற்பதில்லை.

இனி ஷில்லாங்கிற்கு வருவோம். இம்மலைகளில் ஆங்கிலேயர் ஷில்லாங்குக்கு முன் தங்கியது தென்முனையிலுள்ள சிரபுஞ்சியில். வங்கக் கடலினின்றும் எழும் முகில்கள் சில்ஹெட் சமவெளியைக் கடந்து அம்மலைச் சுவரில் முட்டி மோதுவதால் அங்கே ஆண்டுக்கு 11,000 மில்லிமீட்டர் அளவில் மழை பொழிகின்றது. 1860 ஆகஸ்டு முதல் 1861 ஜூலை வரை பெய்தது 26,461 மில்லிமீட்டர். ஓராண்டு மழையில் உலகம் இதனை இன்றும் முதலிடத்தில் வைத்துப் போற்றுகின்றது. அங்கே அலுவலகம் நடத்தியவர்கள் போற்றியிருக்க மாட்டார்கள்! 1864-இல் மாவட்டத் தலைமையிடம் மலைமுகட்டுக்கு அப்பால் மழை குறைந்த ஷில்லாங்குக்கு மாற்றப்பட்டது. 1874-இல் அஸ்ஸாம் தனி மாகாணமானபோது இதுவே தலைநகராயிற்று. 1972-இல் மேகாலயம் தனி மாநிலமானதும் அதன் தலைநகராகத் தொடர்கின்றது.

முதலில் இங்கே எழுந்தவை கல் வீடுகள். 1897 ஜூன் 12-ஆம் நாள் மாலை நேர்ந்த பெரு நிலநடுக்கம் அவற்றை நொடிப்பொழுதில் மண்மேடாக்கிற்று. அதன்பின் மரச்சட்டம், நாணல் தட்டியின் மேல் பூச்சு, தலைமேல் தகரம் என்னும் அமைப்பில் வீடுகள் எழுந்தன. ‘அஸ்ஸாம் வகை வீடு’ என்று வழங்குவது இதுவே. தகரக் கூரை நிலநடுக்கத்துக்கு நல்லது. தோட்டத்துக்குப் புதிய சிக்கலைத் தந்தது. ஓட்டுக்கூரை போல் நீரைச் சற்றும் உறிஞ்சாமல் அவ்வளவையும் இறவாரத்தின் வழியே ஒரே கோட்டில் அது கொட்டுகின்றது. அக்கோட்டில் நட்ட செடி பிழைப்பதில்லை. மண் அரித்து வீட்டின் அடித்தளமும் தெரியத் தொடங்குகின்றது. எனவே இறவாரத்துக்கு நேர் கீழே கல்வாய்க்கால், அதை அடுத்து நடைபாதை, அதற்கப்பால் புல்தரை, கடைசியில் வேலி என்னும் ஒழுங்கு ஏற்பட்டது. பழைய குடியிருப்புகளில் இன்றும் இந்த ஒழுங்கைக் காணலாம். அழகுக்காக வகுத்ததென்று நாம் கருதும் பலவும் நீர் வகுத்த கோடுகளே.

பெருமழை மண்ணின் சுவையையும் மாற்றிவிடுகின்றது. சுண்ணாம்புச் சத்தையும் அதனைப் போன்ற பிறவற்றையும் நீர் கரைத்துக்கொண்டு போய்விட, எஞ்சும் மண் புளிப்பேறுகின்றது. காமீலியாவும் அசேலியாவும் இதனை விரும்புகின்றன. ஹைட்ரேஞ்சியா இம்மண்ணில் நீலமாய்ப் பூக்கின்றது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அதுவே இளஞ்சிவப்பாகின்றது. கோஸும் கீரையும் புளிப்பை விரும்புவதில்லை. அவற்றுக்குச் சுண்ணாம்பு தூவவேண்டும். அச்சுண்ணாம்புக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இம்மலைகளின் தென்சரிவில் சுண்ணாம்புக்கல் உண்டு. 1778-இல் சில்ஹெட்டுக்கு வந்த ராபர்ட் லிண்ட்சே என்னும் கும்பெனி அலுவலர் அக்கல்லைப் படகேற்றி வங்கத்துக்கு விற்றே பெரும்பொருள் ஈட்டினார். புல்தரையில் பாசி படர்ந்துவிட்டதென்று வருந்தும் அன்பர்கள் பாசியைச் சுரண்டுவதோடு நில்லாமல், முட்கருவியால் மண்ணைக் குத்தித் துளையிட்டு மணல் இடுவார்களாயின் பயன் பெறுவர். புல் தளர்ந்த இடத்தில் நிழலும் நீர்த்தேக்கமும் புளிப்பும் கூடும்போதே பாசி குடியேறுகின்றது.

புல்லைப் பற்றி ஒரு சொல். பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அருகம்புல்லே சமவெளி இந்தியாவில் புல்தரைக்குரிய புல். இங்கே மார்கழி உறைபனியில் அது பழுப்பேறி உறங்கிவிடும். செத்துவிட்டதென்று பிடுங்கி எறியவேண்டா. பங்குனியில் தானே விழிக்கும்.

தோட்ட ஆசை இம்மலைக்குச் செய்த தீங்கையும் கூறாது விடல் நேர்மையாகாது. 1837-இல் வில்லியம் கிரிஃபித் இம்மலைகளில் நீல வண்டா என்னும் மரத்தொற்றிப் பூவைக் கண்டார். வானின் நீலம் முழுவதும் இறங்கி வந்து கொத்தாகத் தொங்குவது போன்ற மலர் அது. 1850-இல் ஜோசப் ஹூக்கரும் தாம்சனும் இங்கே வந்து தங்கிச் செடிகளைத் திரட்டினர். ஏழு ஆட்கள் சுமக்கும் அளவு நீல வண்டாவைக் கியூ பூங்காவுக்கென்று மரங்களினின்றும் எடுத்ததாக ஹூக்கரே எழுதியுள்ளார். அவற்றுள் உயிரோடு இங்கிலாந்து சேர்ந்தவை மிகச் சிலவே. வேறொருவர் ஓர் ஆள் சுமையை அனுப்பினார். அது நலிந்த நிலையில் போய்ச் சேர்ந்தும் 300 பவுனுக்கு விலைபோயிற்று. ஒரு செடி 3 முதல் 10 பவுன்! அந்த விலையைக் கேட்டபின் மரங்களில் பூ எஞ்சுமா? ஹூக்கர் பேரறிஞர், இமயத்தின் செடிவகைகளை உலகம் அறிந்தது அவரால். ஆயினும் அந்த ஏழு சுமைகளைப் படிக்கும்போது நெஞ்சம் கசக்கவே செய்கின்றது. பூச்சியை உண்ணும் குடுவைச் செடிக்கும் இம்மலைகளில் ஏறத்தாழ அதே கதி நேர்ந்தது. 1991-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது இவ்விரண்டும் காக்கப்பட வேண்டிய செடிகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஞாயிற்றுக்கிழமை உலாப் போகும்போது காட்டினின்றும் ஒரு கொத்தைப் பெயர்த்து வந்து முற்றத்துத் தொட்டியில் வைக்கும் பழக்கம் நம் குடியிருப்பிலும் இருந்ததை நாம் அறிவோம். நாமும் ஒருமுறை அவ்வாறு செய்தோம். அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை.

இம்மலையில் பிறந்த கலையை இறுதியில் வைத்தமைக்குக் காரணம் உண்டு. நாம் அதனைக் கண்டுகொண்டதே கடைசியில்தான். 1830-இல் டேவிட் ஸ்காட் என்னும் ஆங்கில அதிகாரி உருளைக்கிழங்கைக் காஸி மலைக்குக் கொண்டுவந்தார். காஸியர் அதனைத் தமக்குரிய முறையில் ஏற்றுக்கொண்டனர். சரிவில் மண்ணை நீள மேடுகளாகக் குவித்து, அடியில் காய்ந்த கிளைகளையும் தழையையும் வைத்து மூடிப் புகையவிட்டு, அந்தச் சுட்ட மண்ணில் நடுகின்றனர். ‘பூன்’ என்று வழங்கும் இம்மேட்டுப்பாத்தியில் வேர் உயரத்தில் நிற்கின்றது. நீர் இருபுறமும் இறங்கிவிடுகின்றது. சாம்பல் புளிப்பைத் தணிக்கின்றது. புதைகுழாயும் சுண்ணாம்பும் சேர்ந்து செய்யும் வேலையை இந்த ஒரு மேடு செய்துவிடுகின்றது. ஆண்டுதோறும் தழையை எரித்தால் மண்ணின் மக்கு குறையும் என்று வேளாண் அறிஞர்கள் குறை கூறுவர். அக்குறையிலும் உண்மை உண்டு. நம் முற்றத்தில் எரிக்காமலே மேடு கட்டுகின்றோம். அடுப்புச் சாம்பலும் மக்கிய இலையும் போதுமானவையாக உள்ளன.

தென்சரிவில் வாழ்வோர் ஓடைகளின் குறுக்கே ரப்பர் ஆலமரத்தின் உயிருள்ள வேர்களை வளைத்துப் பாலம் சமைக்கின்றனர். வெட்டிய மரம் அந்த ஈரத்தில் விரைவில் உளுத்துவிடும். உயிருள்ள வேர் ஆண்டுக்கு ஆண்டு உறுதிப்படும். அவர்களே வெற்றிலைக் கொடிக்கு மூங்கில் குழாய்களின் வழியே மலையோடை நீரைச் சொட்டுச் சொட்டாகக் கொண்டு செல்கின்றனர். இவ்வளவு மழை பெய்யும் நாட்டில் சொட்டு நீர் ஏன் என்று வியக்கலாம். கார்த்திகை முதல் மாசி வரையில் இங்கே மழை மிக அரிது. பாறைச் சரிவில் பெய்ததெல்லாம் ஓடிப்போய், சிரபுஞ்சி மக்களே குடிநீருக்குக் குடம் தூக்கி நடக்கும் காலம் அது. ஆகவே கார்காலத்தில் நீரை வழியனுப்பத் தெரிந்தவர்களே பனிக்காலத்தில் அதனைப் பிடித்துவைக்கவும் தெரிந்திருந்தனர்.

நீர் எங்கே போகின்றது என்னும் கேள்வி நம் குடியிருப்பில் பூசலாகவும் வெடித்ததுண்டு. மேல்வரிசையில் ஓரன்பர் தம் முற்றத்தை முழுவதும் சிமெண்டால் மூடினார். அவ்வாண்டு ஆடியில் கீழ்வரிசை வீடொன்றின் தாங்குசுவர் சரிந்து, தோட்டமும் பிள்ளைகளின் ஊஞ்சலும் மண்ணுக்குள் போயின. நல்வேளையாக அது இரவு நேரம். சுவரைக் கட்டியவர் நீர் வெளியேறத் துளைகள் விட்டிருக்கவில்லை. மேலிருந்தவரோ மழைநீர் மண்ணில் இறங்க வழி விட்டிருக்கவில்லை. இரு குடும்பமும் தமிழ்க் குடும்பங்களே, ஓராண்டு பேச்சில்லை. புதிய சுவரை, சாந்து பூசாமல் கல்லடுக்கிக் கட்டும் முறையில் காஸிக் கொத்தனார் ஒருவர் எழுப்பித் தந்தார். கற்களின் இடையே நீர் கசிந்து இறங்குகின்றது. இடுக்குகளில் பெரணி தழைத்துள்ளது. பொங்கலன்று மேல்வீட்டார் கீழ்வீட்டுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினர்.

இப்பொழுது நம் முற்றத்தில் புல்தரை பாதியாகக் குறைந்துவிட்டது. மீதிப் பாதியில் மேட்டுப்பாத்திகள். முருங்கை இருமுறை வைத்து இருமுறையும் உறைபனிக்குப் பலியிட்டோம். கறிவேப்பிலை தொட்டியில் வாழ்கின்றது, மார்கழியில் சமையலறைக்குள் குடியேறிவிடும். வேலி முழுவதும் சௌசௌக் கொடி. மெக்சிகோ நாட்டில் பிறந்து உலகின் குளிர்மலைகளெங்கும் ஏறிய கொடி அது. நம்மூரில் பெங்களூர்க் கத்தரிக்காய் என்பர், இங்கே காஸியர் ‘பிஸ்கோட்’ என்பர். ஐப்பசியில் அது காய்த்துத் தள்ளும்போது குடியிருப்பில் எந்த வீட்டிலும் கூட்டுக்குக் குறைவில்லை. கோங் அதன் இளந்தளிரையும் பறித்துப் பொரிக்கின்றார். நம் வீட்டுப் பெண்டிரும் அதனைக் கற்றுக்கொண்டுவிட்டனர். மழை நின்று வானம் வெளுத்ததும் பத்தாவது ரோஜாவின் வரப்பிலிருக்கும் அந்தக் கீறலை மண்ணிட்டு அடைக்கின்றோம். சித்திரை இறுதியில் கோங் தம் குச்சியோடு வந்து மீண்டும் திறந்துவிடுகின்றார்.